ஒரு கண் மூடினால் ஏலம்

அன்று காலை டீ என் சேலையில் கொட்டியது.

கிளாஸின் விளிம்பு உடைந்திருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு நன்றாகத்தான் இருந்தது. மறுபடி ஒரு வாய் குடித்தேன். மறுபடியும் இடது வாயோரமாக வழிந்து முகவாய்க்கு வந்தது. டீக்கடை பாண்டியம்மாளைக் கூப்பிட்டு, "என்னத்தா, ஓட்டைக் கிளாஸ்லயா டீ குடுப்ப?" என்று சத்தம் போட்டேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே வேறு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். அதுவும் ஒழுகியது.

உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய நேரமில்லை. மீமிசல் கரையில் படகுகள் வந்துவிட்டன. தார்ப்பாய் விரித்து மீனைக் கூறு கூறாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காரர் காளியப்பன் அண்ணன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் என் இடது காதுக்குள் தகர டப்பாவைத் தட்டியது போலக் கேட்டது. முந்தின நாளிலிருந்தே அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு வலி. கடல்காற்று பட்டிருக்கும் என்று முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு என் இடத்தில் போய் நின்றேன்.

முதல் கூறு காரப்பொடி மீன். எனக்குக் காரப்பொடி வேண்டாம். நண்டும் சங்கராவும் அனுப்புவதாகப் புதுக்கோட்டையில் ஒரு மெஸ்ஸுக்கும் அறந்தாங்கியில் ஒரு ஓட்டலுக்கும் சொல்லியிருந்தேன். அதனால் சும்மா நின்று வேடிக்கை பார்த்தேன்.

காளியப்பன் அண்ணன் விலையை ஏற்றிக்கொண்டே போனார். யாரோ இரண்டு பேர் விடாமல் மோதுகிறார்கள் என்று தெரிந்தது. இந்தப் பொடி மீனுக்கு எந்தக் கிறுக்கன் இப்படி அடித்துக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் துண்டை வீசி, "செலினு!" என்றார்.

செலின் என்பது நான்தான்.

கழுத்துக்கு மேலே

விலங்கியல் படித்துவிட்டு மீன் விற்கப் போனவள் நான் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு அது போதும். ஆனால் எங்கள் ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் மேலே போக முடியும்.

எங்கள் கரையில் யாரும் வாய்விட்டு விலை கேட்பதில்லை. வட்டமாக நிற்போம். ஆளுக்கொரு அடையாளம் உண்டு. சீசன் தொடங்கும்போது அதை ஏலக்காரரின் காதில் சொல்லிவிட வேண்டும். யார் கேட்கிறார்கள் என்று அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால், அவள் விடமாட்டாள் என்று வேண்டுமென்றே ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

அடையாளம் கழுத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கூறு நடக்கும்போது கையைத் தூக்கினால் அன்றைக்கு வட்டத்துக்கு வெளியே. ஒருத்தர் புருவத்தைத் தூக்குவார். ஒருத்தர் கன்னத்தை உப்புவார். ஒருத்தர் எச்சில் விழுங்குவார், தொண்டைமணி ஏறி இறங்கும். அத்தனை முகத்தையும் ஒரே பார்வையில் படிக்கிற காளியப்பன் அண்ணனின் முகத்தில் மட்டும் ஒன்றும் அசையாது.

முருகேசன் காதை ஆட்டுவான். என் போட்டி வியாபாரி அவன், என்னைவிட இளையவன். மனிதனின் காதைச் சுற்றி மூன்று சின்னத் தசைகள் இருக்கின்றன. மாட்டுக்கும் நாய்க்கும் அவை வேலை செய்யும், நம்மில் பெரும்பாலோருக்குச் சும்மா கிடக்கும். இவனுக்கு வேலை செய்தது. தலைப்பாகைக்குக் கீழே அவன் காது துடிப்பதை நான் எப்போதோ கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது அவன் வேறு அடையாளத்துக்கு மாறிவிட்டான். எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டான்.

என் அடையாளம் ஒரு கண்ணை மூடித் திறப்பது. எந்தக் கண் என்று கணக்கில்லை. ஒன்று திறந்திருக்க, ஒன்று மூடினால் அது நான்.

இதற்கு மேல் மூன்று சட்டங்கள். காட்டிய அடையாளத்தைத் திரும்பப் பெற முடியாது. மீறினால் வட்டத்தில் இடம் போய்விடும். நடு சீசனில் அடையாளத்தை மாற்றவும் முடியாது. ஒருமுறை ஒருவர் மாற்றப்போய் அடிதடியே நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏலக்காரர் யாரையும் பார்த்து "நீதானா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் அந்த ஆளின் அடையாளம் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே அவர் "செலினு" என்றதும் நான் வாயைத் திறக்க முடியவில்லை. நான் எங்கே கண்ணடித்தேன் என்று கேட்டால், கண்ணடிப்பதுதான் என் அடையாளம் என்று நானே சொன்ன மாதிரி. விழுங்கிக்கொண்டேன். அடுத்த கூறும் காரப்பொடி. அதுவும் எனக்கே வந்தது. மூன்றாவது கூறு தொடங்குமுன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியே வந்தேன்.

விஷயம் இதுதான். எல்லோரும் சில நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறோம், அது நமக்கே தெரியாது. அன்று என் இடது இமை இறங்கவில்லை. வலது இமை மட்டும் இறங்கி ஏறியது. நான் சிமிட்டிய ஒவ்வொரு தடவையும் காளியப்பன் அண்ணன் என் பேரில் விலையை ஏற்றியிருக்கிறார். எதிரே முருகேசனும் காதை ஆட்டித் தீர்த்திருக்கிறான்.

பேய், காற்று, புறா

முதலில் பார்த்தவள் பாண்டியம்மாள்தான். "யக்கா, ஒங்க வாய் ஏன் அங்கிட்டு இழுத்துக்கிட்டுப் போகுது?" என்றாள்.

பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். வலது பக்கம் நான் இருந்தேன். இடது பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது, கண் மட்டும் விழித்தபடி. சிரித்துப் பார்த்தேன். பாதி வாய் மேலே போனது, மீதி அப்படியே நின்றது.

உடனே ஆளுக்கொரு வைத்தியர் ஆகிவிட்டார்கள். பேய் அறைந்துவிட்டது என்றாள் பாண்டியம்மாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததால் காற்று அடித்துவிட்டது என்றார் ஐஸ் வண்டிக்காரர். "இது வாதங்க்கா. பக்கவாதம். கையைத் தூக்குங்க பாப்போம்" என்றான் முருகேசன். தூக்கினேன். இரண்டு கையும் நன்றாகத் தூக்கியது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நாளைக்குக் கையும் விழுந்துரும்" என்றான்.

என் கணவரின் தங்கை ரோசி பக்கத்து வீட்டில் இருக்கிறாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள் கையில் ஒரு மூடிபோட்ட கூடை இருந்தது. அதற்குள் ஒரு புறா.

"என்னடி இது?"

"புறா ரத்தத்தைச் சூடு ஆறாமத் தேச்சா வாதம் எறங்கிருமாம் மதினி. எல்லாரும் சொல்றாங்க."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போவோம். இதுவும் வரட்டும். டாக்டர் கையை விரிச்சிட்டா என்ன பண்றது?"

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அறந்தாங்கி பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் நான் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வந்தேன். மூடாத கண்ணில் தூசி விழுந்து எரிந்தது. புறா ஒரு சத்தமும் போடவில்லை. எங்களில் மனசு கலங்காமல் வந்தது அது ஒன்றுதான்.

வழவழப்பான நெற்றி

டாக்டர் சின்னப் பெண். கூடையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

"பல்லைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். "ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடுங்க." வலது மூடியது. "கன்னத்தை உப்புங்க." காற்று இடது பக்கமாகப் புஸ்ஸென்று போனது. "இப்ப மேல பாத்து நெத்தியைச் சுருக்குங்க."

சுருக்கினேன். அவர் என் இடது நெற்றியை விரலால் தடவினார். ஒரு கோடுகூட விழவில்லை என்றார். சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் முகத்தில் பாதி போயிருக்கிறது, மிச்சமிருந்த நெற்றியும் போய்விட்டது என்று இந்தப் பெண் சந்தோஷப்படுகிறாளே!

"நல்ல சேதிதாம்மா" என்று அவரே விளக்கினார். "நெத்திக்கு மட்டும் மூளையோட ரெண்டு பக்கத்துலருந்தும் உத்தரவு வருது. மூளையில ஒரு பக்கம் அடைப்புன்னா, இன்னொரு பக்கம் நெத்தியைக் காப்பாத்திரும். வாய் கோணினாலும் நெத்தி சுருங்கும். ஒங்களுக்கு நெத்தியும் சேந்து போயிருக்கு. கை கால் பேச்சு எல்லாம் நல்லா இருக்கு. அப்ப கோளாறு மூளையில இல்ல. நரம்பு வெளிய வர்ற வழியில."

தன் உள்ளங்கையை என் காதுக்குக் கீழே வைத்து, ஐந்து விரலையும் முகத்தின் மேல் விரித்துக் காட்டினார். கட்டைவிரல் பொட்டுப் பக்கம், அடுத்தது கன்ன எலும்பு, அடுத்தது கன்னம், அடுத்தது தாடை, சுண்டுவிரல் கழுத்து. காதுக்குப் பின்னால் மண்டை ஓட்டில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாக வெளியே வருகிற ஒரே நரம்பு இப்படிப் பிரிந்து அரை முகத்தை ஆட்டி வைக்கிறது. அந்த நரம்பு எலும்புக்குள்ளேயே ஒரு குறுகிய வளைந்த குழாய் வழியாகத்தான் வர வேண்டும். நரம்பு வீங்கினால் எலும்பு விலகி இடம் கொடுக்காது. நசுங்குகிறது.

"திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"நெறைய பேருக்கு வந்துரும். வாரக்கணக்குல ஆகலாம், மாசக்கணக்குலயும் ஆகலாம். சீக்கிரமா வந்திருக்கீங்க, மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம். கண்ணைத்தான் பத்திரமா பாத்துக்கணும். சொட்டு மருந்து விடுங்க. தூங்கறப்ப இமையை ஒட்டி வைங்க."

"முழுசா வருமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதை இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார். பொய் சொல்லாததற்காக அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

புறாவை ரோசி திரும்பக் கொண்டுவந்து மாடியில் விட்டாள். அது போகவில்லை. இன்றைக்கும் அவள் வீட்டு அரிசியைத் தின்றுகொண்டு அங்கேயே இருக்கிறது.

கல்லூரியில் பார்த்த மண்டை ஓடு

டாக்டர் சொன்ன அந்த ஓட்டையை எனக்கு ஏற்கெனவே தெரியும். புதுக்கோட்டையில் படித்தபோது எங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரு மண்டை ஓடு இருந்தது. மதிய நேரத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் அதை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு ஈர்க்குச்சியால் ஓட்டைகளைத் துழாவுவோம். கண் குழிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, தாடையில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் விட்ட குச்சி எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

மூளையை மூடியிருப்பவை எட்டு எலும்புகள், முகத்தில் பதினான்கு. பிள்ளை பிறக்கும்போது மண்டை எலும்புகள் தனித்தனியாக நகரும்படி இருக்கும். அதனால்தான் உச்சந்தலையில் கை வைத்தால் மெத்தென்று இருக்கிறது. பிறகு பல் பல்லாக ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். வளர்ந்த தலையில் நாம் அசைக்க முடிந்த ஒரே எலும்பு கீழ்த்தாடை. சாப்பிடுவதும் சண்டை போடுவதும் அது ஒன்றால்தான்.

மற்ற அசைவெல்லாம் தசை. அதுவும் வினோதமான தசை. கையில் காலில் இருப்பவை எலும்பையும் எலும்பையும் இழுக்கும். முகத்தில் இருப்பவை தோலைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் நம்மால் முகம் சுளிக்க முடிகிறது, பழிப்புக் காட்ட முடிகிறது.

மீனுக்கு அது கிடையாது. மீன் தலையில் நம்மைவிட எத்தனையோ அதிகமான எலும்புகள். குழம்புத் தலையை உறிஞ்சுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தோலை இழுக்கிற தசை ஒன்றுகூட இல்லை. செத்த மீனுக்கும் உயிருள்ள மீனுக்கும் முகம் ஒன்றுதான். இத்தனை வருஷம் மீன் முகங்களைப் பார்த்துப் பிழைத்தவள், கண்ணாடியில் என் இடது பக்கத்தைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. அன்று அழுதேன்.

கறுப்புக் கண்ணாடி

அழுதது அழகு போனதற்காக என்று ரோசி நினைத்தாள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரிய பயம் வட்டத்தைப் பற்றியது.

எங்கள் வட்டத்தில் நிற்கிற ஒரே பெண் நான். ஒரு மாதம் போல ஆள் வராமல் இருந்தால் அந்த இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். காத்திருந்தவன் முருகேசனின் மச்சான். இடம் போனால் மறுபடி கிடைக்காது. அப்புறம் மற்றவர்கள் எடுத்த மீனைத்தான் அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்கி விற்க வேண்டும். அப்படி விற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வட்டத்தில் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போகாவிட்டால் இடம் போகும். போனால் சிமிட்டுகிற கண் ஊர் மீனையெல்லாம் வாங்கித் தள்ளும். அடையாளத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று காளியப்பன் அண்ணனைத் தனியாகக் கேட்டேன்.

"தடைக்காலம் முடிஞ்சு புது சீசன்லதான் தங்கச்சி. ஒனக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமுன்னு நான் வச்சா நாளைக்கு எவன் எனக்குக் கட்டுப்படுவான்?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

மறு வாரம் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கண் தெரியாவிட்டால் ஏலம் இல்லை. ஆனால் ஆள் நிற்கிறாள், ஆகவே இடம் என்னுடையது. தினமும் போனேன். ஒரு கூறுகூட எடுக்காமல் நின்றேன். "யக்கா ஹீரோயின் கணக்கா வாராங்க" என்று கேலி செய்தார்கள். முகத்தை மறைக்கத்தான் கண்ணாடி என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மை காளியப்பன் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவர் என் பக்கம் திரும்பாமல் ஏலம் கூறினார். முடிந்ததும் முருகேசனிடம் போய் என் ஓட்டல்களுக்கு வேண்டிய நண்டை வாங்கினேன். அவன் லாபம் வைத்துத்தான் கொடுத்தான். ஆனால் நல்ல நண்டாகக் கொடுத்தான்.

என் கணவர் ஜோசப் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார். முதல் சில நாள் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துப் பேசினேன். ஒருநாள் தவறிப்போய் முகம் தெரிந்துவிட்டது.

"ஏ செலினு, ஒன் மூஞ்சி பாதி ஸ்டக் ஆகி நிக்கிது. அங்கிட்டு நெட்டு சரியில்ல போல."

"ஆமாங்க. மழை வார மாதிரி இருக்கு" என்றேன்.

அவர் நம்பினார். போனை வைத்துவிட்டு நானும் ரோசியும் வயிறு வலிக்கச் சிரித்தோம், நான் பாதி வாயால். பிறகு அவரிடம் உண்மையைச் சொன்னேன். "கண்ணுக்கு மருந்து விட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து தினமும் அதைத்தான் முதலில் கேட்பார்.

முருகேசன் தலையில் ரத்தம்

இந்த இடத்தில் முருகேசனைப் பற்றி ஒரு பழைய கதை. இல்லாவிட்டால் அவனை வில்லன் என்று நினைத்துவிடுவீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஐஸ் பெட்டியின் இரும்பு மூடி அவன் தலையில் விழுந்தது. ரத்தம் முகத்தை மறைத்து, சட்டையை நனைத்து, தார்ப்பாயில் சொட்டியது. காப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஒருத்தர் ஓடி வந்தார். முருகேசன் தன் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்.

நான் காப்பித்தூளைத் தட்டிவிட்டு, சுத்தமான துண்டை மடித்துக் காயத்தில் வைத்து அழுத்தினேன். தலைத்தோலில் ஐந்து அடுக்கு. அதில் இரண்டாவது அடுக்கு கெட்டியானது. அறுந்த ரத்தக் குழாயைச் சுருங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சின்னக் காயத்துக்கும் பெரிய கொலை நடந்த மாதிரி ரத்தம் வரும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். நின்றது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தையல் போட்டு அனுப்பினார்கள்.

"யக்கா, நீங்க மண்டையப் படிச்சவங்கன்னு தெரியாமப் போச்சே" என்றான். அதன் பிறகும் ஏலத்தில் என்னோடு மோதுவதை விடவில்லை. விட்டிருந்தால் எனக்குத்தான் வருத்தமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தது

முதலில் வந்தது நாக்கின் ருசி. இடது பக்கம் வைத்தால் மண் மாதிரி இருந்த குழம்பில் ஒருநாள் புளி தெரிந்தது. பிறகு சத்தம் காதை அறைவது நின்றது. மழை முடிந்து பனி ஆரம்பித்த சமயம், வாயோரத்தில் ஒரு துடிப்பு. அப்புறம் இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டீ ஒழுகாமல் குடித்த அன்று பாண்டியம்மாள் என்னிடம் காசு வாங்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வட்டத்தில் நின்றேன். எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள். சங்கரா கூறு வந்தது. ஒரு கண்ணை மூடித் திறந்தேன். காளியப்பன் அண்ணன் துண்டை வீசி, "செலினு!" என்றார். வீட்டுக்கு வந்து அந்த மீனில் ஒன்றை எடுத்துக் குழம்பு வைத்தேன். விற்கிற மீனை வீட்டுக்கு எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் முழுசாக வரவில்லை. நசுங்கிய நரம்பு மறுபடி வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போய்விடுமாம். வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போகும். வாயை அசைத்தால் கண்ணும் சேர்ந்து அசையும். சும்மா இருக்கும்போது என் முகத்தில் ஒன்றும் தெரியாது. புன்னகைத்தால் இடது கண் சுருங்கும். வாய்விட்டுச் சிரித்தால் மூடியே போகும், வலது கண் திறந்திருக்க.

டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சிரிக்க வேண்டும். கொஞ்சம் குறையும், முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டேன் என்றார். நான் வேறு வழி பிடித்தேன். வட்டத்தில் சிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த வட்டத்தில்தான் நான் வாழ்க்கையிலேயே அதிகமாகச் சிரித்திருக்கிறேன். காளியப்பன் அண்ணனைத் தவிர வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர் அங்கே யாரும் கிடையாது. நான் உம்மென்று நின்றேன். "யக்காவுக்கு மூஞ்சி சரியாப்போச்சு, சிரிப்பு போயிருச்சு" என்றான் முருகேசன்.

காக்கை

பனிக்காலம் முடிகிற நேரம். ஊளி மீன் கூறு. எனக்கு அது வேண்டாம். ஏலம் தொடங்கியதும் ஒரு காக்கை பறந்து வந்து முருகேசனின் தலைப்பாகையில் உட்கார்ந்தது. துண்டில் ஏதோ மீன் துணுக்கு ஒட்டியிருந்திருக்கிறது. அதைக் கொத்த ஆரம்பித்தது.

கையைத் தூக்கி விரட்டினால் அன்றைக்கு அவன் வெளியே. அவனுக்கு அடுத்து வரும் இறால் வேண்டும். அதனால் கையைத் தொங்கப்போட்டபடி, தலைத்தோலை அசைத்துக் காக்கையை விரட்டப் பார்த்தான். நெற்றித் தசையும் பிடரித் தசையும் தலைத்தோலின் உள்ளே ஒரே பாயாக இணைந்திருக்கின்றன. அவனுக்கு அந்தப் பாய் நன்றாக நகரும். தலைப்பாகை முன்னும் பின்னும் போனது. காக்கை அதன் மேல் படகில் நிற்பது போல நின்றது. கூடவே காதும் ஆடியது.

காளியப்பன் அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் விலையை ஏற்றினார்.

முருகேசனின் கண் பிதுங்கியது. அவனுக்கும் ஊளி வேண்டாம் போலிருக்கிறது. பதற்றத்தில் காது இன்னும் வேகமாக ஆடியது. நான் உதட்டைக் கடித்தேன். பல்லைக் கடித்தேன். முடியவில்லை. வெடித்துவிட்டேன். இடது கண் பட்டென்று மூடிக்கொண்டது.

காளியப்பன் அண்ணன் என் பேரில் ஏற்றினார்.

பயத்தில் சிரிப்பை விழுங்கிக் கண்ணைத் திறந்தேன். காக்கை மறுபடி கொத்தியது, அவன் காது ஆடியது, விலை ஏறியது. எனக்கு மறுபடி வெடித்தது, மறுபடி ஏறியது. யாருக்கும் வேண்டாத ஊளி, இரண்டு பேருக்கு நடுவில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. படகுக்காரர் வாயைப் பிளந்தபடி நின்றார். கடைசியாக ஏறியது என் பேரில். துண்டை வீசினால் கூறு என்னுடையது. வேண்டாம் என்றால் இடம் போய்விடும். அது தெரிந்தும் சிரிப்பு நிற்கவில்லை. இத்தனை மாதம் அடக்கி வைத்தது மொத்தமும் வந்துகொண்டிருந்தது.

காளியப்பன் அண்ணன் துண்டை எடுத்தார். வீசவில்லை. என்னைப் பார்த்தார்.

"செலினு," என்றார். "சிரிப்பா, வெலையா?"

அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது. அந்த ஒரு கேள்வியில் என் அடையாளம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. நான் ஏன் கண்ணாடி போட்டேன், ஏன் சிரிப்பதை விட்டேன் என்பதும் அங்கே நின்ற ஒவ்வொரு முகத்திலும் மெல்ல விளங்குவதைப் பார்த்தேன்.

"சிரிப்புதாண்ணே" என்றேன். "வெலை இல்ல."

சட்டப்படி என் இடம் அப்போதே போயிருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லும் உரிமை போட்டிக்கு நின்றவனுக்கு உண்டு. என் இடத்துக்குக் காத்திருந்த முருகேசனின் மச்சான் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தான். எல்லோரும் முருகேசனைப் பார்த்தார்கள். காக்கை இன்னும் இறங்கவில்லை.

"ஊளிய எம்பேர்ல போடுங்கண்ணே" என்றான். "யக்கா சிரிக்கிறதுக்கெல்லாம் வெலை போடாதீங்க. இனிமே எப்பவும் போடாதீங்க. மொதல்ல யாராச்சும் இந்தக் காக்காவ வெரட்டுங்கப்பா."

யாரோ விரட்டினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண் இறுக மூடியபடியே இருந்தது. காளியப்பன் அண்ணன் அந்தக் கண்ணை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இறால் கூறுக்கு நகர்ந்தார்.